மருந்தை மறந்த பூஞ்சை

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், காய்கறி வைக்க வேண்டிய இடத்தில், சில வருடங்களாகப் பூஞ்சை குடியிருக்கிறது. வெண்டைக்காயில் தானாகப் பிடித்த பூஞ்சை இல்லை. என் மனைவி கண்ணாடிக் குழாய்களில் போட்டு, லேபிள் ஒட்டி வளர்க்கிற பூஞ்சை. வீட்டுக்கு வருகிறவர்கள் தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்துவிட்டு, "இன்னாங்க இது, கெட்டுப்போயிருக்குது?" என்று கேட்பார்கள். "கெட்டுப்போவத்தாங்க வச்சிருக்கோம்" என்பேன். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை. தண்ணீரும் குடிப்பதில்லை.

கல்லூரியில் இருக்க வேண்டியது வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் தீபம். திருவண்ணாமலையில் எதுவும் தீபத்தால் நடக்கும், இல்லையென்றால் தீபத்தால் நின்றுபோகும். கார்த்திகை மாதம் பந்தோபஸ்துக்கு வெளியூர்களிலிருந்து வரும் போலீஸ்காரர்களைத் தங்கவைக்கப் பள்ளிக்கூடம், கல்லூரி என்று கட்டடங்களை எடுத்துக்கொள்வார்கள். மனைவி பாடம் நடத்தும் கல்லூரியும் அதில் ஒன்று. கரும்பலகைக்குக் குறுக்கே கொடி கட்டிக் காக்கிச் சட்டை காயும். ஆய்வுக்கூடத்தைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். பூட்டின கட்டடத்தில் மெயின் சுவிட்சை யாராவது அணைத்துவிட்டால் கேள்வி கேட்க ஆளில்லை. ஆகவே ஒவ்வொரு தீபத்துக்கும் அவள் தன் குழாய்களை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கி, ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவருவாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பகுதி வீட்டிலேயே தங்கிவிட்டது.

நானும் அவளும் ஒரே வகுப்பில் நுண்ணுயிரியல் படித்தவர்கள். ஆய்வுக்கூடத்தில் சுத்தமான கை என்று பெயர் வாங்கியவன் நான்தான். நுண்ணுயிர் வளர்க்கும் தட்டில் அவள் சத்துக் கூழ் ஊற்றினால் அழைக்காத விருந்தாளி ஏதாவது அதில் முளைத்திருக்கும். நான் ஊற்றினால் முளைக்காது. இதைச் சொல்லிக்காட்டுவதில் எனக்கு இன்றைக்கும் ஓர் அற்ப சந்தோஷம் உண்டு. படிப்பு முடிந்ததும், செங்கம் ரோட்டில் அப்பாவுக்கு இருந்த மனையில் அறைகள் கட்டினோம். ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் மாதக்கணக்கில் வாடகைக்கு எடுப்பார்கள். கொஞ்ச காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. கீசர், கொசுவலை, வைஃபை, தண்ணீர் டேங்க். வேளாவேளைக்குச் சாப்பாடு. கல்யாணத்துக்குத் தைத்த சட்டைகளில் ஒன்றுகூட இப்போது என்மேல் ஏறாது. "மாப்ள நல்லா வளந்துட்டாரு" என்று மாமனார் ஒவ்வொரு முறை வரும்போதும் திருப்தியாகச் சொல்வார்.

அவள் வேலைக்குப் போனாள். பிறகு கல்லூரிகளில் டாக்டர் பட்டம் இல்லாதவர்களுக்குப் பிடி இறுகியது. அவளுடைய கல்லூரியும் ஒரு நாள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டது: பட்டம் வாங்கினால் வேலை, இல்லையென்றால் இல்லை. ஒரு பல்கலைக்கழகத்தில் பகுதிநேர ஆய்வுக்குப் பதிவு செய்தாள். கல்லூரி வேலை, வீட்டு வேலை, நடுவில் கிடைக்கிற நேரத்தில் ஆய்வு. கெடு முடிந்தது, நீட்டிப்பு வாங்கினாள், அதுவும் முடிகிற இடத்துக்கு வந்தது. "போனாப் போவுது, நம்ம ரூமே போதுமே" என்று ஒரு தடவை சொன்னேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். அவள் அன்றைக்கு என்னோடு பேசவில்லை.

பூஞ்சையை அவள் எடுத்தது அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில், கிரிவலப் பாதையோரம். அங்கே ஒரு மதில் சுவருக்குப் பின்னால் பௌர்ணமிக்கு அன்னதானம் வாங்கிச் சாப்பிட்டவர்கள் தொன்னைகளை வீசுவார்கள். சாம்பார் சாதமும் மழையும் வெயிலும் சேர்ந்து அந்த மண் புளித்துக் கிடக்கும். ஊர்ப்பட்ட பாக்டீரியா அங்கே இருக்கும். அத்தனைக்கும் நடுவில் பூஞ்சை ஒன்று பிழைத்திருக்கிறது என்றால் அதன் கையில் ஏதோ ஆயுதம் இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. பௌர்ணமி முடிந்த காலையில் நான் பைக்கை ஸ்டார்ட்டில் வைத்துக்கொண்டு நிற்க, அவள் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு மண்ணைச் சுரண்டினாள். நடந்துபோன ஒரு குடும்பம், இவள் எடுப்பதைப் பார்த்துவிட்டு, அது என்ன மண் என்று விசாரித்துத் தாங்களும் ஒரு பிடி எடுத்துக்கொண்டது. என்ன செய்தார்களோ தெரியாது.

அவள் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஒரு தட்டு முழுக்கப் பாக்டீரியாவைப் பரப்பி, நடுவில் இந்தப் பூஞ்சையில் ஒரு துண்டை வைத்தாள். மறுநாள் தட்டு முழுக்கப் பாலாடை மாதிரி பாக்டீரியா வளர்ந்திருக்க, பூஞ்சையைச் சுற்றி மட்டும் ஒரு வளையம் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. அந்த வளையத்துக்குள் பாக்டீரியாவால் கால் வைக்க முடியவில்லை. பூஞ்சை மருந்து சுரக்கிறது என்று அர்த்தம். தட்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். அவள் முகத்தை அப்படி நான் அதற்கு முன் எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன். படிக்கிற காலத்தில்தான்.

என் மனைவியின் வீடும் எங்கள் வீடும் சமணக் குடும்பங்கள். பக்கத்துப் பக்கத்துக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக விவசாயம். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்பார், பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார் என் மாமனார். கண்ணுக்குத் தெரியாத உயிருக்குக்கூடத் தீங்கு வரக் கூடாது. அவருடைய மகள் அந்தக் கண்ணுக்குத் தெரியாத உயிர்களைத் தட்டில் பரப்பி வைத்துச் சாகடிக்கிறாள். ஊரிலிருந்து வந்தவர் அந்த வளையத்தை வெகுநேரம் பார்த்தார்.

"அதுங்கள இது கொல்லுதா, இல்ல நீ கொல்றியாம்மா?"

"வெரட்டுதுப்பா. கொல்லல."

"வெரட்டுறதுன்னா சரி. நானும்தான் காக்காய வெரட்டுறேன்."

அவர் போனதும், "பொய்தானே?" என்றேன். "பொய்தான்" என்றாள். அவள் அப்பாவிடம் சொன்ன பொய்களில் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அந்த வருடத் தீபத்துக்கு முதல்முறையாகக் குழாய்கள் வீட்டுக்கு வந்தன. அதே நேரம் இரண்டு பக்கத்து உறவும் வந்திறங்கியது. சமணராயிருந்தால் என்ன, மலை உச்சியில் தீபம் ஏறுவதை வேடிக்கை பார்க்க யாருக்கும் ஆசை உண்டு. அதிலும் மொட்டை மாடி உள்ள சொந்தக்காரன் இருந்தால் கேட்கவே வேண்டாம். பால் பாக்கெட்டும் தயிரும் மாவும் வைக்கவே ஃபிரிட்ஜில் இடம் இல்லை. மாடியில் வடக்கு பார்த்த அறையில் ஓர் ஐரோப்பிய அம்மாள் குடியிருந்தார். வருடாவருடம் ஐப்பசி வாக்கில் வந்து பங்குனியில் போய்விடுவார். இல்லாத மாதங்களிலும் அறை அவர் பெயரில் பூட்டிக் கிடக்கும். அவரிடம் ஒரு சின்ன ஃபிரிட்ஜ் இருந்தது. அதில் எலுமிச்சம்பழம் தவிர எதுவும் இருக்காது.

டப்பாவை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் மேலே போனோம். அந்த அம்மாள் தீபத்தை ஒட்டிப் பத்து நாள் மௌனம். கதவைத் திறந்து சிரித்தார். மனைவி டப்பாவை இரண்டு கையாலும் நீட்டி ஆங்கிலத்தில் சொன்னாள்: இது மலையடிவாரத்திலிருந்து வந்தது, ரொம்ப அரியது, உங்களிடம் இருக்கட்டும், தீபம் முடிந்ததும் வாங்கிக்கொள்கிறேன். அந்த அம்மாள் கண்ணை மூடி, இரண்டு கையாலும் வாங்கி, டப்பாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் லேசாகச் சிரித்ததோடு சரி. துவைத்த போர்வை கொடுத்தாலும் அவர் அப்படித்தான் வாங்குவார்.

தீபம் முடிந்து டப்பா திரும்பி வந்தபோது ஒரு குழாய் குறைந்தது. வீட்டில் அத்தனை குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்ததால், மேலே கொண்டுபோகும் முன்பே எதுவோ உடைந்திருக்கும் என்று மனைவி நினைத்தாள். மற்றவை பத்திரமாக இருந்தன. அதை அத்தோடு மறந்தோம்.

பூஞ்சையைக் குழாயில் போட்டு அப்படியே விட்டுவிட முடியாது. குழாயில் உள்ள சத்து தீர்ந்துவிடும், காயும். அதனால் அவ்வப்போது கொஞ்சம் எடுத்துப் புதுக் குழாயில் இட வேண்டும். தயிருக்கு உறை ஊற்றுகிற அதே வேலைதான். நேற்றைய தயிரிலிருந்து இன்றைய தயிர், இன்றையதிலிருந்து நாளையது. பூஞ்சைக்கும் அப்படியே தலைமுறை போகும். பழைய குழாய்களை அழுத்தக் குக்கர் மாதிரியான பெரிய பாத்திரத்தில் வேகவைத்துக் கொட்டிவிடுவார்கள்.

இரண்டு மூன்று தீபம் கழிந்தபின் வளையம் சுருங்க ஆரம்பித்ததை அவள் என்னிடம் உடனே சொல்லவில்லை. தட்டில் ஏதோ கோளாறு, பாக்டீரியாவில் ஏதோ கோளாறு என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்திருக்கிறாள். பூஞ்சை மட்டும் நன்றாக இருந்தது. நன்றாக என்றால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக. முதலில் எடுத்தபோது அது சுருங்கிய தோல் மாதிரி, மெதுவாக, மேலே மஞ்சள் துளிகளோடு வளர்ந்தது. இப்போது அடர்த்தியாகப் பச்சைப்பசேலென்று தட்டை அடைத்துக்கொண்டு வளர்ந்தது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"வளையமே இல்ல."

"கம்மியாயிருக்குதா?"

"கம்மி இல்ல. இல்லவே இல்ல."

மருந்து செய்வதற்கான மரபணுக்கள் பூஞ்சையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடப்பதில்லை. பெரும்பாலும் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளாக இருக்கும். ஒரு வீட்டில் மூலப்பொருளைக் கோப்பார்கள், அடுத்த வீட்டில் வளைப்பார்கள், அதற்கடுத்த வீட்டில் முடிப்பார்கள். தெரு முழுக்க உறங்கிவிடுவது உண்டு. எதிரி இல்லாத இடத்தில் எதற்கு ஆயுதம் என்று பூஞ்சை சும்மா இருந்துவிடும். அது ஒரு சங்கதி. தெருவே இடிந்து காணாமல் போவதும் உண்டு. அது வேறு. உறங்குகிறது என்றால் எழுப்பலாம். இல்லாமலே போயிருந்தால் எழுப்ப ஆளில்லை. அவளுக்கு இரண்டில் எது என்று தெரிய வேண்டியிருந்தது, அதுவும் தை மாதம் ஆய்வுக் குழு கூடுவதற்குள். வளையம் இல்லாத பூஞ்சையோடு அந்தக் குழு முன்னால் போய் நின்றால் அத்தோடு பதிவு ரத்து. பின்னாலேயே வேலையும் போகும்.

உறங்குகிறது என்றே முதலில் நம்பினாள். சர்க்கரையைக் குறைத்துப் பட்டினி போட்டாள். பாக்டீரியாவோடு ஒரே தட்டில் விட்டுச் சண்டை மூட்டினாள். அதே மதில் சுவரோரத்து மண்ணை ஊறவைத்த தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தாள். அதற்காக அந்த இடத்துக்கு மறுபடி போனோம். சுவர் இருந்தது. கீழே வரிசையாகச் சிமென்ட் கல் பதித்து, குப்பைத் தொட்டி வைத்து, ஒரு போர்டும் வைத்திருந்தார்கள். நடக்கிறவர்களுக்கு நல்ல வசதிதான். அவள் கல் இடுக்கில் நகத்தால் கிளறிக் கொஞ்சம் மண் எடுத்தாள். அந்த மண்ணில் மறுபடி அந்தப் பூஞ்சையைத் தேடவும் செய்தாள். கிடைக்கவில்லை.

பூஞ்சையும் எழவில்லை. கடைசியில் பி.சி.ஆர். செய்யப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். கொரோனாவுக்குப் பிறகு அந்தச் சோதனை எல்லாருக்கும் தெரியும். நமக்கு மூக்கில் குச்சி விட்டு வைரஸின் மரபணு இருக்கிறதா என்று பார்த்தார்கள். இங்கே பூஞ்சைக்குள் மருந்து மரபணு இருக்கிறதா என்று பார்ப்பது. நமக்கு 'இல்லை' என்று வந்தால் சந்தோஷம். பூஞ்சையை முதலில் பிரித்தபோது எடுத்த டி.என்.ஏ.வில் கொஞ்சம் அங்கே உறைய வைத்திருந்தார்கள். பழையதையும் இப்போதையதையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டினார்கள். பழையதில் மரபணு இருப்பதைக் காட்டும் பட்டை தெரிந்தது. இப்போதையதில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. போனில் படத்தை மட்டும் அனுப்பினாள். அந்த மாதிரிப் படத்தைப் படிப்பது எனக்கு மறந்துவிடவில்லை. நான் வாட்டர் டேங்க் கழுவ ஆள் வந்திருந்த இடத்தில் நின்றுகொண்டே பார்த்தேன். தெரு இடிந்துவிட்டது.

எப்படி என்பதை அவளே கண்டுபிடித்தாள், மாமனார் வந்திருந்த ஒரு மதியம். அடுத்த விதைப்புப் பட்டத்துக்கு விதைக்காக நெற்கதிர் பொறுக்கியதைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டிருந்தார். வரப்பில் நடந்துகொண்டே எது செழிப்பாக, மணி திரண்டு, தலை சாய்ந்திருக்கிறதோ அதைத்தான் விதைக்கு அறுப்பார். நோஞ்சானை யார் விதைக்கு வைப்பார்கள்? சின்ன வயதில் அவளும் கூடவே நடந்து பொறுக்கியிருக்கிறாள். கேட்டுக்கொண்டிருந்தவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நானும் அத்தத்தான்பா பண்ணேன்."

ஒவ்வொரு தடவை புதுக் குழாய்க்கு மாற்றும்போதும், தட்டில் எந்த ஓரம் பச்சையாக, அடர்த்தியாக இருக்கிறதோ அங்கிருந்துதான் ஊசியால் எடுத்திருக்கிறாள். அது செழிப்பாக இருந்ததற்குக் காரணமே மருந்து செய்யாததுதான். மருந்து செய்வது செலவு பிடித்த வேலை. அந்த வேலையைத் தலைமுழுகிவிட்டவனுக்குச் சாப்பிட்டதெல்லாம் உடம்பில் ஒட்டும். தட்டில் அப்படி ஒன்றிரண்டு எப்போதும் தோன்றும். மண்ணில் என்றால் பாக்டீரியா அவற்றைத் தீர்த்துவிட்டிருக்கும். இங்கே அவற்றைத் தேடிப் பிடித்து, அடுத்த குழாயில் பாய் போட்டு உட்கார வைத்தது விவசாயி மகளின் கண். எந்தப் புத்தகமும் அவளுக்கு அதைச் சொல்லாமல் இல்லை. படித்தும் இருக்கிறாள், எங்கள் வகுப்பிலேயே. கை மட்டும் அப்பாவின் வரப்பில் நடந்திருக்கிறது.

"நல்லதத்தானம்மா எடுத்த" என்றார் மாமனார், ஒன்றும் புரியாமல்.

"ஆமாம்பா. நல்லதத்தான் எடுத்தேன்" என்று எழுந்து உள்ளே போனாள். உள்ளே அழுதாள். நான் மாமனாரிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதைவிட, என்ன செய்வதென்று தெரியாததால் எரிச்சலாக இருந்தது.

மார்கழிக் குளிரில் மாடி அம்மாளின் கீசர் நின்றுபோனது. அவர் அறைக்குள் நான் போவதே இல்லை. தானே பெருக்கிக்கொள்வார், நாங்கள் கதவுக்கு வெளியே நின்று பேசுவதோடு சரி. அன்றைக்கு எலக்ட்ரீஷியனோடு உள்ளே போக வேண்டியிருந்தது. அவன் குளியலறையில் ஸ்டூல் போட்டு ஏற, நான் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அலமாரியில் மலையின் படம். அதன் முன் ஒரு சின்ன விளக்கு. பக்கத்தில் ஒரு டப்பி தீப மை: மலைமேல் கொப்பரையில் படிகிற கரியை மையாக்கிப் பின்னாளில் கோயிலில் பிரசாதமாகக் கொடுப்பார்கள், நெற்றியில் இட்டுக்கொள்ள. அதற்குப் பக்கத்தில், வாடின பூவுக்கு நடுவில், விபூதியும் குங்குமமும் வைத்து, திருகு மூடி போட்ட ஒரு கண்ணாடிக் குழாய் நின்றது. லேபிளில் மனைவியின் கையெழுத்து.

உள்ளே காய்ந்து சுருண்ட ஒரு பச்சைச் சருகு மாதிரி ஏதோ இருந்தது. கை நீட்டப் போனவன் நிறுத்திக்கொண்டேன். கீசர் காயில் எரிந்துபோய்விட்டது என்றான் எலக்ட்ரீஷியன். சரி மாற்று என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடினேன். நான் ஓடி ரொம்ப நாள் ஆகியிருந்தது. மூச்சு வாங்கியதில் அவளுக்கு விஷயத்தைச் சொல்லவே நேரம் பிடித்தது.

அவள் மேலே போய் எதையும் சுற்றி வளைக்கவில்லை. இது எப்படி உங்களிடம் வந்தது என்று கேட்டாள். அந்த அம்மாள் ஆச்சரியப்பட்டார். நீங்கள்தானே தீபத்தின்போது கொண்டுவந்து கொடுத்தீர்கள், மலையிலிருந்து வந்தது, அரியது, உங்களிடம் இருக்கட்டும் என்றீர்களே என்றார். பிறகு அவரே விளக்கினார்: டப்பா நிறைய இருந்தது. தட்டை நீட்டினால் ஒன்று எடுத்துக்கொண்டு தட்டைத் திருப்பித் தர வேண்டும் என்று இந்த ஊரில் கற்றுக்கொண்டிருக்கிறேன். அதிகமாக எடுப்பது பேராசை, ஒன்றும் எடுக்காமல் தருவது அவமரியாதை. அதனால் ஒன்றே ஒன்று எடுத்துக்கொண்டேன். மௌனத்தில் இருந்ததால் நன்றி சொல்ல முடியவில்லை.

உள்ளூர்க்காரர் யாராவது இருந்தால் என்னவென்று மூடியைத் திறந்து முகர்ந்தாவது பார்த்திருப்பார்.

"திறந்தீங்களா?" என்றாள் மனைவி.

இல்லை என்று காதைத் தொட்டுக்கொண்டார். அதை எப்படித் திறப்பது? மூடியில் விபூதி வைப்பதோடு சரி.

மனைவி உண்மையைச் சொன்னாள். இது பிரசாதம் இல்லை. பூஞ்சை. எச்சில் தொன்னைகள் கிடந்த மண்ணிலிருந்து எடுத்தது. இதற்குள் நான் தொலைத்த ஒன்று இருக்கலாம், இல்லாமலும் போகலாம், எனக்கு இது வேண்டும். சொல்லும்போது அவள் குரல் பிசிறியது. நான் வாசலில் நின்றேன். இத்தனை நாள் விளக்கேற்றிக் கும்பிட்டது பூசணத்தை என்று கேட்டால் யாருக்கும் கோபம் வரும்; அழுதுகொண்டே அறையைக் காலி செய்தாலும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

"மலையிலிருந்து வந்ததுதானே?" என்றார் அந்த அம்மாள், அலமாரியைப் பார்த்துக்கொண்டே.

"மலையடிவாரம். அது உண்மை."

அவர் விளக்கை அணைத்தார். குழாயை எடுத்து, கண்ணில் ஒற்றி, இரண்டு கையாலும் மனைவியிடம் கொடுத்தார். இவளும் இரண்டு கையாலும் வாங்கினாள். இந்த முறை நான் சிரிக்கவில்லை.

அந்தக் குழாய் வெயில் காலங்களைப் பூட்டின அறையில் தாண்டியிருந்தது. வித்துகளில் பெரும்பாலானவை செத்திருக்கும். ஆனால் யாரும் அதற்குச் சோறு போடவில்லை, அடுத்த தலைமுறைக்கு மாற்றவில்லை, நல்லதாகப் பார்த்துப் பொறுக்கவில்லை. வளர்ந்தால்தானே தொலைப்பதற்கு. அவள் கல்லூரியில் அதைத் திறக்கும்போது என்னையும் கூட வரச் சொன்னாள். "உன் கைதான் சுத்தமான கை" என்றாள். தனியாக இருக்கும்போது நாங்கள் இன்னும் வகுப்பில் பேசின மாதிரி வா, போ என்றுதான் பேசிக்கொள்வோம். வெகு காலத்துக்குப் பிறகு கையுறை போட்டேன். என் விரலுக்கு அந்த அளவு பத்தவில்லை. மூடியை நெருப்பில் காட்டித் திறந்து, உள்ளிருந்த சருகில் ஊசியால் தொட்டுத் தட்டில் கோடிழுத்தேன். கோடு கொஞ்சம் கோணலாகப் போனது. அவள் தட்டை வாங்கி மூடித் தேதி எழுதினாள்.

முதலில் ஒன்றும் வரவில்லை. அவள் தினமும் கல்லூரியிலிருந்து வந்ததும் நான் முகத்தைப் பார்ப்பேன், அவள் இல்லை என்று தலையசைப்பாள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற வேலையில் நான் மும்முரமாக இருப்பதுபோல் இருந்தேன். பிறகு ஒரு காலையில் போன் செய்தாள்.

"ஒன்னு வந்திருக்குது. அசிங்கமா இருக்குது."

"எவ்ளோ அசிங்கம்?"

"ரொம்ப. சுருக்கமா. மேல மஞ்சளா சொட்டுச் சொட்டா."

இரண்டு பேரும் சிரித்தோம். வளையம் அதற்கப்புறம் வந்தது. பழைய அளவுக்கே வந்தது. பி.சி.ஆரில் பட்டையும் வந்தது.

ஆய்வுக் குழுவின் முன்னால் அவள் இரண்டு தட்டுகளையும் வைத்தாள், வளையம் உள்ளதையும் இல்லாததையும். நடந்ததையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறாள், விதைக்கதிர் பொறுக்கினது உட்பட. குழுவில் ஒருவர், மருந்து செய்கிற பூஞ்சையை எத்தனையோ பேர் கொண்டுவருகிறார்கள், ஒரே மண்ணில் பிறந்து ஒன்று தொலைத்ததும் ஒன்று தொலைக்காததுமாக இரண்டையும் கையில் வைத்திருக்கிறீர்களே, இதை எழுதுங்கள் என்றாராம். கடைசியாக ஒரு நீட்டிப்பும் கொடுத்தார்கள். வேலைக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே சொன்னாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதைக் காட்டத் தெரியாமல் காபி போடப் போனேன்.

சுருங்கின பூஞ்சையை இப்போது அவள் பல விதமாகப் பத்திரப்படுத்தியிருக்கிறாள். காய்ந்த மண்ணில் கலந்து, உறைய வைத்து, பல்கலைக்கழகத்தில் ஒன்று, கல்லூரியில் ஒன்று. நன்றாக மூடின ஒரு குழாயை மாடி அம்மாளிடமும் கொடுத்தாள். மறுபடியுமா என்றேன். "அவங்க தொறக்க மாட்டாங்க" என்றாள். பூஞ்சை என்று தெரிந்தும் அந்த அம்மாள் அதற்கு விபூதி வைக்கிறார். நானே பார்த்தேன்.

இந்த வருடத் தீபத்துக்கு உறவுக்காரர்கள் வருவதற்கு முன்னால் ஃபிரிட்ஜை ஒழித்துக்கொண்டிருந்தேன். கீழ்த்தட்டில் பழைய டப்பா. உள்ளே அந்தப் பச்சைப் பூஞ்சை, குழாய்களை அடைத்துக்கொண்டு கொழுகொழுவென்று வளர்ந்திருந்தது.

"இத்த கொட்டிடவா? இதுதான் ஒன்னும் பண்றதில்லையே" என்றேன்.

அவள் மேஜையில் எழுதிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"வேணாம், இருக்கட்டும். பக்கத்துல வச்சுப் பாக்கறதுக்கு ஒன்னு வேணுமில்ல? இதுவும் ஒரு காலத்துல பண்ணிக்கினு இருந்ததுதானே."

அவள் சொன்னது பூஞ்சையைத்தான். எழுதுவதை நிறுத்தக்கூட இல்லை. எனக்குத்தான் சுருக்கென்று தைத்தது, வயிற்றில் மடிந்திருந்த பனியனை இழுத்து விட்டுக்கொண்டேன். குழாய்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, டப்பாவில் அடுக்கி, பால் பாக்கெட்டுகளுக்குப் பின்னால் குளிர்ச்சி ஜாஸ்தியாக இருக்கும் இடமாகப் பார்த்து வைத்தேன். மேலேயிருந்து தண்ணீர் வரவில்லை என்று யாரோ குரல் கொடுத்தார்கள். மோட்டார் போடப் போனேன்.